ஒரே நிமிடத்தில் 1,012 நுழைவுச் சீட்டுகள்

என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு சென்னையில் நடந்த ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைக் காணச் சென்றார். இணையத்தில் விற்பனை தொடங்கிய சில நிமிடங்களிலேயே நுழைவுச் சீட்டுகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. ஆகவே, தம்மிடம் ஒரு சீட்டு மிகுதியாக இருப்பதாக இணையத்தில் விளம்பரம் செய்திருந்த ஒருவரிடம் மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினார். பணம் போனதும் சீட்டின் படம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. அரங்க வாயிலில் நின்றவர் தம் கருவியை அந்தப் படத்தின்மேல் காட்டியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. "இந்தச் சீட்டில் ஏற்கெனவே ஒருவர் உள்ளே போயாகிவிட்டது, தம்பி" என்றார் அவர்.

திங்கட்கிழமை செய்முறை வகுப்பில் மாணவர் என்னைக் கேட்டார்: "சார், நான் காசு கொடுத்துத்தானே வாங்கினேன்? அப்படியானால் அந்த இருக்கை என்னுடையது இல்லையா? ஒருவர் வாங்கிய சீட்டை இன்னொருவருக்கு விற்கலாமா, கூடாதா?"

நான் கற்பிப்பது இயற்பியல், சட்டம் அன்று. ஆயினும் மாணவரின் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது சட்டத்தைப் பற்றிய செய்தி மட்டுமன்று, கணிப்பொறியைப் பற்றிய செய்தியும் ஆகும் என்பது விளங்கிற்று. அதனை இங்கே வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

சீட்டு ஒரு பொருளா?

கடையில் ஒரு புத்தகம் வாங்குகிறோம். அது நம் உடைமை. படித்த பிறகு பழைய புத்தகக் கடையில் போடலாம், நண்பருக்குக் கொடுக்கலாம், விரும்பிய விலைக்கு விற்கலாம். நுழைவுச் சீட்டும் அப்படித்தானே என்று தோன்றும். ஆனால் சட்டம் அதனை வேறு கண்ணால் பார்க்கிறது. சீட்டு என்னும் தாள் நம்முடையதாக இருக்கலாம். அரங்கமும் இருக்கையும் நம்முடையவை அல்ல. பிறருடைய இடத்துக்குள் குறிப்பிட்ட நேரம் இருந்துவிட்டு வருவதற்கான அனுமதிதான் சீட்டு.

இக்கருத்து பழைமையானது. இங்கிலாந்தில் டான்காஸ்டர் குதிரைப் பந்தயத்தைக் காண ஒருவர் ஒரு கினி கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தார். பந்தயத்தை நடத்தியவரின் ஆணைப்படி அவர் வெளியேற்றப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 1845இல் நீதிமன்றம் கூறியது யாதெனில், அனுமதி கொடுத்தவர் அதனை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதே. காசு கொடுத்திருந்தாலும் அதுதான் நிலை. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் சென்றபின், 1914இல், லண்டன் திரையரங்கு ஒன்றில் சீட்டு வாங்கியே அமர்ந்திருந்த ஒருவரை, வாங்காமல் நுழைந்தவர் என்று தவறாக எண்ணி எழுப்பி வெளியே அனுப்பிய வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. இம்முறை தீர்ப்பு அவர் பக்கம். காட்சி முடியும்வரை இருக்க விடுவதாக ஒப்புக்கொண்டு பணம் வாங்கியவர், இடையில் அந்த அனுமதியைப் பறிக்க முடியாது என்றனர் நீதிபதிகள். அவருக்கு 150 பவுன் இழப்பீடு கிடைத்தது.

இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் சீட்டின் இயல்பு புலப்படும். அது நிபந்தனைகளோடு கூடிய ஒரு வாக்குறுதி. வாக்குறுதி கொடுத்தவர், "இது உங்களுக்கு மட்டுமே, பிறருக்கு மாற்றித்தரக் கூடாது" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால், தாள் கை மாறினாலும் வாக்குறுதி கை மாறாமல் போகலாம். மறுவிற்பனையில் சீட்டு வாங்குவோர் பலர் அறியாத செய்தி இதுவே.

ஆறு கோடி ரூபாய் யாருக்கு?

மறுவிற்பனை ஏன் நடக்கிறது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அரங்கத்தில் 20,000 இருக்கைகள். ஒவ்வொன்றின் விலையும் 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காண விரும்புவோர் ஒரு லட்சம் பேர். அவர்களில் 20,000 பேராவது 4,000 ரூபாய்கூடக் கொடுக்க அணியமாக இருக்கிறார்கள். அப்படியானால் ஒவ்வோர் இருக்கைக்கும் அச்சிட்ட விலைக்கும் கிடைக்கக்கூடிய விலைக்கும் இடையே 3,000 ரூபாய் வேறுபாடு. மொத்தத்தில் ஆறு கோடி ரூபாய்! இந்தப் பணம் ரசிகரின் பையிலேயே தங்க வேண்டுமா, பாடகருக்கும் நடத்துபவருக்கும் போக வேண்டுமா, அல்லது இடையில் புகுந்தவர் எடுத்துக்கொள்ளலாமா? இத்தனை சட்டங்களுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி இதுதான்.

நடத்துபவரே விலையை உயர்த்திவிட்டால் என்ன என்று கேட்கலாம். அப்படியும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1850இல் ஸ்வீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் நியூயார்க்கில் பாட வந்தபோது, பார்னம் என்னும் நிகழ்ச்சி முதலாளி சீட்டுகளை ஏலம் விட்டார். முதல் சீட்டை ஒரு தொப்பி வணிகர் 225 டாலருக்கு எடுத்தார். அவர் பெயர் நாடெங்கும் பரவியது. தொப்பி வணிகத்துக்கு அதைவிட மலிவான விளம்பரம் ஏது? ஆனால் எல்லாக் கலைஞரும் ஏலத்தை விரும்புவதில்லை. மாணவரும் தொழிலாளரும் வர முடியாமல் போனால் அரங்கம் நிறைந்தாலும் ஆரவாரம் இராது. அடுத்த ஆண்டு கூட்டமும் குறையும். எனவே வேண்டுமென்றே விலையைத் தாழ்த்தி வைக்கின்றனர். அந்தத் தாழ்வுதான் மறுவிற்பனையாளருக்கு லாபம் ஆகிறது. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்வதைப்போல, எங்கே விலை வேறுபாடு உண்டோ அங்கே ஆள் வந்து சேருவார்.

ஆனால் மறுவிற்பனை செய்வோர் எல்லாரையும் குற்றவாளி எனக் கொள்ளுதல் தவறு. சீட்டு வாங்கிய பின் காய்ச்சலில் விழுபவர் உண்டு; தேர்வு தேதி மாறிப்போன மாணவர் உண்டு. அவர்கள் சீட்டை விற்காவிட்டால் ஓர் இருக்கை வீணாகும். நல்ல சட்டம் இவர்களுக்கு வழிவிட்டு, மொத்தமாக அள்ளுபவரைத் தடுக்க வேண்டும். சொல்வது எளிது, எழுதுவது கடினம்.

அடிக்கோலும் கணிப்பொறியும்

முற்காலத்தில் மொத்தமாக வாங்க வேண்டுமானால் வரிசையில் ஆள் நிறுத்த வேண்டும். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1867–68இல் அமெரிக்காவில் தம் கதைகளைப் படித்துக் காட்டியபோது, சீட்டு வணிகர்கள் கூலி ஆட்களை இரவெல்லாம் வரிசையில் நிறுத்தி வாங்கி, பன்மடங்கு விலைக்கு விற்றார்கள். நம் ஊர்த் திரையரங்கு வாயிலில் 'பிளாக்'கில் விற்றவர்களும் இதே இனம். ஆனால் ஆளுக்கு இரண்டு கை, இரண்டு கால்தான். நூறு சீட்டு வேண்டுமானால் இருபது முப்பது பேருக்காவது கூலி கொடுத்தாக வேண்டும். இந்த எல்லையை உடைத்தது கணிப்பொறி.

2014 டிசம்பர் 8ஆம் நாள் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடக்கவிருந்த யு–2 இசைக்குழுவின் நிகழ்ச்சி ஒன்றுக்குச் சீட்டு விற்பனை தொடங்கியது. ஒருவருக்கு நான்கு சீட்டுகளே என்பது விதி. ஆனால் ஒரே வணிகர் ஒரே நிமிடத்தில் 1,012 சீட்டுகளை வாங்கிவிட்டார். அன்று மாலைக்குள் அவரும் இன்னொரு வணிகரும் அக்குழுவின் வட அமெரிக்க நிகழ்ச்சிகளுக்கு 15,000க்கு மேற்பட்ட சீட்டுகளைக் கைப்பற்றினர். இவை நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் 2016 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கையில் உள்ள செய்திகள்.

1,012ஐ நான்கால் வகுத்தால் 253. அதாவது, ஒரு நிமிடத்தில் 253 தடவை வாங்கியாக வேண்டும். சராசரியாக ஒரு தடவைக்குக் கால் நொடிக்கும் குறைவு. இது எவ்வளவு விரைவு என்பதை வீட்டிலேயே உணரலாம். நண்பர் ஒருவரை ஓர் அடிக்கோலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் கீழ்நுனியில் உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொல்லாமல் விடுவார். நீங்கள் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் பிடிப்பதற்குள் கோல் 20 சென்டிமீட்டர் அளவு விழுந்திருக்கும். புவியீர்ப்புக் கணக்குப்படி அதற்கு ஆகும் காலம் ஐந்தில் ஒரு நொடி. கண் கண்டு, மூளை உணர்ந்து, விரல் அசைய மனிதனுக்கு ஆகும் இந்தக் காலத்தில் பொறி ஒரு வாங்கலையே முடித்துவிடுகிறது! இன்னும் சரியாகச் சொன்னால், அது ஒன்றன்பின் ஒன்றாக வாங்குவதில்லை. நூற்றுக்கணக்கான போலி வாடிக்கையாளர்களாகத் தன்னைக் காட்டிக்கொண்டு ஒரே சமயத்தில் எல்லா வாயில்களிலும் கையை நீட்டுகிறது.

இத்தகைய நிரலுக்கு, ரோபோ என்ற சொல்லின் வாலைப் பிடித்து, 'பாட்' என்று பெயர் வைத்துள்ளனர். நாம் இணையத்தில் சீட்டு வாங்கும்போது நம் கணிப்பொறி விற்பனை நிலையத்தின் கணிப்பொறிக்குச் செய்திகளை அனுப்புகிறது. திரையில் தெரியும் படங்களும் பொத்தான்களும் நமக்காகத்தான். கணிப்பொறிக்கு அவை தேவையில்லை. பாட் அவற்றைத் தாண்டிச் செய்திகளை நேராக அனுப்பும். பெயர், முகவரி, கடனட்டை எண் எல்லாம் முன்பே அதன் கையில் உள்ளன. விற்பனை நிலையம் ஒவ்வொரு கணிப்பொறியையும் அதன் இணைய முகவரி எண்ணால் அடையாளம் காணும். பாட் அந்த எண்களையும் பல நூறாக மாற்றி மாற்றிக் காட்டும். கோணல் மாணலான எழுத்துகளைப் படித்துச் சொல் என்று கேட்டு மனிதனா பொறியா என்று சோதிக்கும் முறை உண்டல்லவா? அந்தச் சோதனைப் படங்களைக் கூலிக்குப் படித்துச் சொல்லும் ஆட்களுக்கு உடனுக்குடன் அனுப்பி விடை வாங்கிவிடுகின்றனர்.

பாட் ஒன்றையே குற்றம் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும். ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு. பெருநிகழ்ச்சிகளில் சராசரியாக நூற்றுக்கு 54 சீட்டுகள் பொது விற்பனைக்கே வருவதில்லை! 16 சீட்டுகள் கலைஞர், அரங்கம், நடத்துபவர் ஆகியோரின் வேண்டியவர்களுக்கு. 38 சீட்டுகள் சில கடனட்டைக்காரர்கள், ரசிகர் மன்றத்தார் போன்றோருக்கு முன்விற்பனையில். எஞ்சிய 46க்குத்தான் மனிதரும் பொறியும் போட்டி போடுகின்றனர். பொறியைத் திட்டுவதில் நடத்துபவர்கள் காட்டும் ஆர்வம் இந்த 54ஐப் பற்றிப் பேசுவதில் இல்லை.

அமெரிக்காவின் வழி

2016 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் பொறியை மட்டும் குறிவைத்தது. 200 பேருக்கு மேல் கொள்ளும் இடத்தில் நடக்கும் பொது நிகழ்ச்சிகளின் சீட்டு விற்பனையில், ஆளுக்கு இத்தனை என்ற வரம்பையோ பாதுகாப்பு ஏற்பாட்டையோ ஏமாற்றிக் கடப்பது சட்ட விரோதம். அப்படிப் பெற்ற சீட்டு என்று தெரிந்தே விற்பதும் சட்ட விரோதம். முதல் நடவடிக்கைக்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2021 ஜனவரியில் கூட்டாட்சி வணிக ஆணையம் நியூயார்க் பகுதியைச் சேர்ந்த மூன்று சீட்டு நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தது. தண்டம் 3 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் என்று விதிக்கப்பட்டது. அவ்வளவு கட்ட இயலாத நிலை என்பதால் உண்மையில் கட்ட நேர்ந்தது 37 லட்சம் டாலர்.

இச்சட்டம் விலையைத் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கையாலேயே முறைப்படி வாங்கிய சீட்டைப் பத்து மடங்குக்கு விற்றாலும் இச்சட்டத்தின்படி தவறில்லை. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அச்சு விலைக்குமேல் 50 சென்டுக்கு அதிகமாக வைத்து விற்கக் கூடாது என்று நியூயார்க் மாநிலம் 1922இல் சட்டம் செய்தது. தனியார் வணிகத்தின் விலையில் அரசு தலையிடலாகாது என்று கூறி உச்ச நீதிமன்றம் 1927இல் அச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். அந்தக் கொள்கையைப் பிற்காலத்தில் நீதிமன்றமே கைவிட்டது; மாநிலங்கள் மீண்டும் விலை வரம்பு விதித்தன. நியூயார்க் 2007இல் தானாகவே அந்த வரம்பை எடுத்துவிட்டது. ஒரே மாநிலம் நூற்றாண்டுக்குள் இத்தனை முறை மனம் மாறியிருப்பதே கேள்வியின் கடினத்தைக் காட்டும்.

சொல்லிவிட்டு விற்க வேண்டும்

பிரிட்டன் வேறு பாதையில் தொடங்கியது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், மறுவிற்பனை செய்யலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்றது. எந்தப் பகுதி, எந்த வரிசை, எந்த இருக்கை என்று கூற வேண்டும். சீட்டில் அச்சிட்ட விலை எவ்வளவு என்று கூற வேண்டும். 'மாணவருக்கு மட்டும்' என்பது போன்ற கட்டுப்பாடு இருந்தால் அதையும் கூற வேண்டும். விற்பவர் அந்த இணையச் சந்தையைச் சேர்ந்தவராகவோ நிகழ்ச்சியை நடத்துபவராகவோ இருந்தால் அந்த உறவையும் மறைக்கக் கூடாது. மீறினால் 5,000 பவுன் வரை தண்டம். கோடிக்கணக்கில் புரளும் நிறுவனத்துக்கு இது தேநீர்ச் செலவு என்பது என் எண்ணம்.

இருக்கை எண்ணைச் சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றலாம். இங்கேதான் சட்டம் எழுதியவர்களின் கூர்மை இருக்கிறது. இருக்கை எண் தெரிந்தால் வாங்குபவர் சரிபார்க்கலாம். நடத்துபவரும் அது யாருக்கு விற்ற சீட்டு என்று கண்டுபிடிக்கலாம். கையில் இல்லாத சீட்டை விற்பவரால் இருக்கை எண்ணைச் சொல்லவே இயலாது. எண்ணைக் கண்டதும் நடத்துபவர் சீட்டைச் செல்லாமல் ஆக்கிவிட்டால்? அதற்கும் சட்டம் வரம்பு கட்டியது. மறுவிற்பனைக்கு வைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக ரத்து செய்யக் கூடாது. முதலில் விற்கும்போதே அவ்வாறு நிபந்தனை சொல்லியிருந்து, அது நியாயமானதாகவும் இருந்தால் மட்டும் செய்யலாம். 2017இல் மற்றோர் சட்டத்தின்வழி, சீட்டுக்குத் தனி எண் கொடுக்கப்பட்டிருந்தால் அதையும் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்தனர். 2018 ஜூலை முதல் பாட் கொண்டு வரம்பை மீறி லாபத்துக்காக வாங்குவது அங்கே குற்றம்.

கால்பந்து மட்டும் தனி. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதி பெறாதவர் கால்பந்துச் சீட்டை மறுவிற்பனை செய்வதே குற்றம். விலை உயர்வா தாழ்வா என்ற பேச்சே இல்லை. காரணம் பணமன்று, பாதுகாப்பு. எதிரெதிர் அணிகளின் ரசிகர்களைத் தனித்தனிப் பகுதிகளில் அமர்த்துவது அங்கே வழக்கம். மறுவிற்பனைச் சீட்டு அந்த வேலியை உடைத்துவிடும்.

2020இல் லீட்ஸ் நகர நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு ஒன்று இத்துறையில் பேர்போனது. மறுவிற்பனையாளர் இருவர் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட பெயர்களிலும் நூற்றுக்கணக்கான மின்னஞ்சல் முகவரிகளிலும் சீட்டுகளை வாங்கிக் குவித்திருந்தனர். இன்னும் கைக்கு வராத சீட்டுகளையும் விற்பனைக்கு வைத்திருந்தனர். ஒருவருக்கு நான்கு ஆண்டு, மற்றவருக்கு இரண்டரை ஆண்டு சிறை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்களைச் சிறைக்கு அனுப்பியது சீட்டுச் சட்டம் எதுவுமன்று. மோசடி வணிகத்தைத் தண்டிக்கும் பொதுச் சட்டமே. 2025 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு, சொல்லிவிட்டு விற்றால் போதும் என்ற கொள்கையையே விட்டு, முதலில் கொடுத்த விலைக்குமேல் விற்பதைச் சட்ட விரோதமாக்கப் போவதாக அறிவித்தது.

'அதிகாரபூர்வம்' என்ற ஒரு சொல்

ஆஸ்திரேலிய நீதிமன்றத்தில் 'வியாகோகோ' என்ற மறுவிற்பனை நிறுவனத்தின்மீது நடந்த வழக்கு, சந்தை தன் திரையில் எழுதும் சொற்களைப் பற்றியது. தேடலில் வரும் விளம்பரத்தில் 'அதிகாரபூர்வம்' என்ற சொல்லைச் சேர்த்திருந்தனர். அதைக் காண்பவர் அரங்கமே நேராக விற்கிறது என்றுதானே எண்ணுவார்? அடுத்து, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான சீட்டுகளே உள்ளன என்று அவசரப்படுத்தினர். அது அந்தச் சந்தையில் இருந்த சீட்டுகளின் கணக்கு; அரங்கத்தின் விற்பனை நிலையத்தில் நிறையவே இருக்கக்கூடும். மூன்றாவது, கட்டணம். ஒரு நாடகச் சீட்டு 135 டாலர் என்று காட்டப்பட்டது. பணம் கட்டும் இறுதிப் படியில் 36.50 டாலர் முன்பதிவுக் கட்டணமும் 5.95 டாலர் கையாள் கட்டணமும் ஏறி 177.45 ஆகிவிட்டது. இவை மக்களைத் தவறாக வழிநடத்துபவை என்று 2019இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது. அமெரிக்காவிலும் 2025 மே மாதம் முதல், கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி நிகழ்ச்சிச் சீட்டுகளுக்கு வந்தது.

விலைக்கு வேலி போட்ட நாடுகளும் உண்டு. அயர்லாந்து 2021இல், 1,000 பேருக்குக் குறையாமல் கொள்ளும் அரங்குகளில் நடக்கும் குறிப்பிட்ட நிகழ்ச்சிகளின் சீட்டுகளை முதல் விலைக்குமேல் விற்கத் தடை விதித்தது. தண்டம் ஒரு லட்சம் யூரோ வரை அல்லது இரண்டாண்டுச் சிறை. நிதி திரட்டும் அறநிலையங்களுக்கு விலக்கு உண்டு. ஜப்பான் 2019 ஜூன் முதல், வாங்குபவரின் பெயரோ இருக்கையோ குறிப்பிட்டு, அனுமதியின்றி மறுவிற்பனை கூடாது என்று அறிவித்து விற்கும் சீட்டுகளை, லாபத்துக்காகத் தொழிலாக விற்பதைக் குற்றமாக்கியது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் முதல் விலைக்குமேல் நூற்றுக்குப் பத்து மட்டும் அனுமதிக்கிறது. இந்தப் பத்து எனக்குப் பிடித்திருக்கிறது: நோயில் விழுந்தவர் நஷ்டமின்றி விற்கலாம், வணிகருக்கோ அதில் பிழைப்பு நடத்த முடியாது.

விலை வரம்பை எதிர்ப்போரின் வாதத்தையும் சொல்லியாக வேண்டும். வேலி போட்டால் விற்பனை நின்றுவிடாது. ஒழுங்கான சந்தையிலிருந்து தெருமுனைக்கும் கைப்பேசிக் குழுக்களுக்கும் இடம் பெயரும். அங்கே ஏமாந்தால் பணம் திரும்ப வராது என்பர். இதில் உண்மை உண்டு. என் மாணவர் ஏமாந்தது அப்படிப்பட்ட இடத்தில்தான்.

நொடிக்கு நொடி மாறும் சீட்டு

வாயிலில் எரிந்த சிவப்பு விளக்குக்கு வருவோம். சீட்டின் மேலிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஓர் எண்ணை மறைத்து வைத்திருக்கிறது, வேறொன்றுமில்லை. அதைப் படம் பிடித்து ஐந்து பேருக்கு அனுப்பினால் ஐவரிடமும் அதே எண். முதலில் வந்தவர் உள்ளே. மற்ற நால்வர் வெளியே.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வு அழகானது. கைப்பேசிக்கும் விற்பனை நிலையத்தின் கணிப்பொறிக்கும் பொதுவான ஓர் இரகசிய எண் கொடுக்கப்படுகிறது. இரண்டிலும் கடிகாரம் உண்டு. இரகசிய எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஒரு கணக்கு போடப்படுகிறது. மாவாக அரைத்ததை மீண்டும் அரிசியாக்க முடியாததுபோல, விடையிலிருந்து இரகசிய எண்ணைத் திரும்பக் காண முடியாத கணக்கு அது. கிடைத்த விடைதான் திரையில் கட்டமாகத் தோன்றும். சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும். வாயிலில் உள்ள பொறியும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை ஒத்திருந்தால் விடும். படம் பிடித்து அனுப்பினால் அது போய்ச் சேர்வதற்குள் நேற்றைய செய்தித்தாள் ஆகிவிடும்.

ஆனால் பூட்டைச் செய்தவரிடமே சாவியும் இருக்கிறது. இம்முறையில் சீட்டை நண்பருக்கு மாற்றித்தர வேண்டுமானாலும் நிறுவனத்தின் செயலி வழியாகத்தான் முடியும். அது விரும்பினால் தடுக்கலாம், அல்லது தன் சொந்த மறுவிற்பனைச் சந்தையில் மட்டும் விற்கச் சொல்லிக் கட்டணம் வாங்கலாம். இதை முன்னுணர்ந்தே நியூயார்க் மாநிலம், தாளில்லாச் சீட்டு விற்பவர்கள் மாற்றித்தரக்கூடிய சீட்டைப் பெறும் வாய்ப்பையும் வாங்குபவருக்கு அளிக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது.

நம் நாட்டில்

2025 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த கோல்ட்ப்ளே இசை நிகழ்ச்சிகளின் சீட்டுகள் அதற்கு முந்திய செப்டம்பரில் விற்பனைக்கு வந்த உடனேயே தீர்ந்து, மறுவிற்பனைத் தளங்களில் பன்மடங்கு விலைக்குத் தோன்றின. இதைத் தடுக்க விதிமுறை வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல மனு ஒன்று தாக்கலாயிற்று. சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின் வேலை, விதி செய்வது அரசின் வேலை என்று கூறி நீதிமன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது.

ஆயினும் சில கருவிகள் கையில் உள்ளன. இறுதிப் படியில் கட்டணத்தை ஏற்றுவதையும், இல்லாத அவசரத்தை உண்டாக்குவதையும் முறையற்றவை என்று 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் பட்டியலிட்டன. ரயில் துறையிலோ தெளிவான சட்டமே உண்டு. அனுமதி இல்லாதவர் பயணச்சீட்டு வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் மூன்றாண்டு வரை சிறை என்கிறது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவு. அச்சட்டம் எழுதப்பட்டபோது இணையத்தில் பயணச்சீட்டு என்பதே கிடையாது. ஆகவே இணையச் சீட்டுக்கு அது பொருந்தாது என்று வாதாடிப் பார்த்தார்கள். போலிப் பெயர்களில் கணக்குகள் தொடங்கிச் சீட்டு விற்றதாக எழுந்த வழக்கில், பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ரயில் இருக்கைக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு இசையரங்க இருக்கைக்கும் ஆட்ட அரங்க இருக்கைக்கும் நாடு முழுமைக்குமான ஒரு சட்டமாக இன்னும் வரவில்லை.

என் மாணவர் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைத்து முறையிட்டார். பணம் அனுப்பிய சில மணிகளுக்குள் அழைத்திருந்தால் அதை நிறுத்தி வைக்கும் வாய்ப்பு மிகுதி என்றார்களாம்; இவர் அழைத்தது மூன்றாம் நாள். பிறகு அவர் தம் கைப்பேசியில் அந்தச் சீட்டின் படத்தை எனக்குப் பெரிதாக்கிக் காட்டினார். ஆட்டத்தின் பெயர் இருந்தது, வாயில் எண் இருந்தது, கறுப்பு வெள்ளைக் கட்டம் இருந்தது. இருக்கை எண்ணும் சீட்டின் தனி எண்ணும் இருக்க வேண்டிய கீழ்ப்பகுதியை மட்டும் விற்றவர் கவனமாக வெட்டியிருந்தார்.